எண்ணிச் சொல்லுங்கள்!

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி நாட்டிலே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன.

"அந்த மணல் எமன், அதன்மேல் குடியிருப்பவனுக்குப் புற்றுநோய் வந்தே தீரும்" என்பது ஒரு பேச்சு. "அந்த மணல் பொன், அதனால் எவருக்கும் எந்தக் கேடும் இல்லை" என்பது மற்றொரு பேச்சு. முதற்பேச்சு கடற்கரைக் குடியிருப்பிலே பிறக்கிறது. நோய்க்கு ஆளைப் பறிகொடுத்த வீட்டிலே வளர்கிறது. இரண்டாம் பேச்சு அலுவலகத்திலே பிறக்கிறது, அறிக்கைகளிலே வளர்கிறது. ஒன்றுக்குக் கண்ணீர் சாட்சி. மற்றதற்கு அடுத்த மாநிலத்திலே எடுத்த கணக்கு சாட்சி.

இரண்டையும் நிறுத்தி வைத்து நாம் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. எத்தனை பேர்? எத்தனை பேரில் அத்தனை பேர்? எந்த வயதினர்? எந்த ஊரினர்?

குமரி மாவட்டத்துக் கடற்கரையைப் பற்றி இந்த நான்கு கேள்விக்கும் விடை கிடைக்கும் வரையில், அச்சமும் வெறும் பேச்சு. ஆறுதலும் வெறும் பேச்சு.

இது வீண் தர்க்கம் அல்ல. கிள்ளியூர் வட்டத்துக் கடற்கரை ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பிலே மணல் எடுக்கும் திட்டத்துக்காக 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் கருத்துக் கேட்புக் கூட்டம் கூட்டுவதாக அறிவித்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது. மிடாலத்திலும் இனயத்திலும் கொல்லங்கோட்டிலும் வாழ்கிறவன், தன் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றிக் கேட்கிறான். கேட்பது அவன் உரிமை. அதற்கு மேடைப் பேச்சைப் பதிலாகத் தரலாகாது, கணக்கைத்தான் தரவேண்டும்.

மணலின் கதை

1909-ஆம் ஆண்டு. ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டிருந்த மணலை ஆராய்ந்தார். அதிலே மோனசைட் மின்னிற்று. மோனசைட்டுக்குள் தோரியம். அந்நாளில் ஐரோப்பிய நகரங்களின் வீதிகளிலே எரிந்த வாயு விளக்குகளின் 'மேண்டில்' வலைக்கு அந்தத் தோரியம் தேவைப்பட்டது. மணலைத் தேடி மனிதர் வந்தார். மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. நம் கரையின் மண் கப்பலேறி, கடல் கடந்து, பிறர் வீதிக்கு வெளிச்சம் தந்தது.

விளக்கு யுகம் போய் அணு யுகம் வந்தது. 1950-ல் இந்திய அருமணல் நிறுவனம் அமைந்தது. பின்னர் மணவாளக்குறிச்சி ஆலையும் அதன் கைக்கு வந்தது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தோரியம் இயற்கையாகவே கதிர் வீசும் பொருள். அதன் அளவு பாதியாகக் குறைவதற்கு 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். எனவே ஆலை வருமுன்பே மணல் இருந்தது. மணல் இருந்த நாளெல்லாம் கதிரும் இருந்தது. ஆகவே நம் முன் இருப்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. இந்தக் கரையிலே வாழ்வதால் கேடு உண்டா என்பது ஒன்று. மணலைத் தோண்டுவதாலும் சலிப்பதாலும் பிரிப்பதாலும் கேடு கூடுகிறதா, குறைகிறதா என்பது மற்றொன்று. மோனசைட்டை அகற்றினால் கரையில் கதிர் குறையும் என்கிறது ஆலை. தோண்டும்போது தூசி பறக்கிறதே, அதைச் சுவாசிக்கிறோமே என்கிறார்கள் மக்கள். இரண்டும் அளந்து பார்க்கக் கூடிய சங்கதிகள். அளந்து பார்க்கக் கூடியதை வாதாடிக்கொண்டே இருப்பது அறிவுடைமை ஆகாது.

நெய்யூர் தந்த பாடம்

"நோயை ஊர்வாரியாக எண்ணுவதாவது! அதெல்லாம் மேல்நாட்டார் வேலை" என்று எவரும் எண்ணவேண்டாம். அந்த வேலை நம் மாவட்டத்திலேயே, நெய்யூரிலேயே நடந்தது. அதுவும் இன்று நேற்று அல்ல. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு.

நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சோமர்வெல்லின் பெயரை அந்த வட்டாரத்து முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1922-லும் 1924-லும் எவரெஸ்டில் ஏறச் சென்ற குழுக்களில் இருந்தவர். மலையிலிருந்து இறங்கியவர், நெய்யூரில் நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்துக் கிடப்பதைக் கண்டார். இங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். அவருடைய கத்திக்கு வந்த நோய்களில் முன்வரிசையில் நின்றது குடற்புண். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம்.

"இந்தச் சீமையிலே மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்டார் சோமர்வெல். அவரும், அவருடன் பணியாற்றிய டாக்டர் இயான் ஓர் என்பவரும் 1936-ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ ஏட்டிலே இதைப் பற்றி எழுதினார்கள். காரணம் மக்களின் உணவிலே இருக்கக்கூடும் என்பது அவர்கள் கொண்ட ஐயம். குன்னூரிலே உணவு ஆராய்ச்சி நடத்திய மக்காரிசன் எலிகளை வைத்துச் சோதித்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் கொண்ட பஞ்சாபியர் உணவைத் தின்ற எலிகளுக்கு வயிற்றுப் புண் இல்லை. சென்னை மாகாணத்து ஏழையின் உணவைத் தின்றவற்றில் சிலவற்றுக்குப் புண். மரச்சீனிக் கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் ஏழையின் உணவைத் தின்றவற்றிலே அதைவிட அதிகம்!

இங்கே ஒரு தடை எழுகிறது. நெய்யூருக்கு வந்தவர் எல்லாரும் நெய்யூர்க்காரர் அல்லர். நல்ல டாக்டர் இருக்கும் இடத்துக்கு நாற்பது ஊர்க்காரன் வருவான். மருத்துவமனையில் குவிந்த கூட்டத்தை மட்டும் எண்ணினால், அது நோயின் கணக்கா, டாக்டரின் புகழின் கணக்கா? ஊரிலே எத்தனை பேர் வாழ்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு நோய் என்று தெரிந்தால் அல்லவா அளவு தெரியும்?

இந்தத் தடையைத் தாண்ட வழி கண்டவர் ரயில்வே டாக்டர் மல்ஹோத்ரா. ரயில்வேயிலே ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் வயதும் வேலையும் பதிவேட்டிலே இருக்கிறது. நோய் வந்தால் ரயில்வே மருத்துவமனைக்கே வருகிறான். மொத்தமும் தெரியும், நோயுற்றவர் தொகையும் தெரியும். 1964-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் குடற்புண் மிகுதி, கோதுமை உண்ணும் வடமேற்கிலே குறைவு என்று காட்டிற்று. நெய்யூர் டாக்டர் கண்ணால் கண்டதை ரயில்வேப் பதிவேடு எண்ணால் கண்டது.

கதை அத்தோடு முடியவில்லை. வயிற்றுப் புண்ணுக்கு ஒரு கிருமி காரணம் என்பதை 1980-களில் ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அந்தக் கிருமி இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் பரவலாகவே இருக்கிறது. கிருமி எங்கும் இருக்க, புண் மட்டும் ஏன் இடத்துக்கு இடம் கூடிற்று, குறைந்தது? படத்திலே இட்ட புள்ளிகள் இன்றும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இடவாரிக் கணக்கின் பயன் அதுதான். அது தீர்ப்புச் சொல்வதில்லை. எங்கே தோண்டவேண்டும் என்று விரல் நீட்டுகிறது.

புற்றுநோய்க்கும் நெய்யூர் பாடம் சொல்லியிருக்கிறது. அதே டாக்டர் ஓர், 1933-ல் 'லான்செட்' ஏட்டிலே, திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். திருவிதாங்கூரின் மண்ணையோ காற்றையோ அவர் குற்றம் சாட்டவில்லை. வெற்றிலையோடு சேர்த்து மென்று கன்னத்திலே அடக்கிய புகையிலையை நோக்கி விரல் நீட்டினார். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்பதை 1985-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உறுதி செய்தது. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும், பாக்கும்கூடத் தரும் என்று 2004-ல் அதே நிறுவனம் கூறிற்று. நெய்யூரில் எழுதியதை உலகம் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது!

எண்ணிக்கை ஏமாற்றும் வழிகள்

"எங்கள் ஊரிலே இந்த ஆண்டு ஆறு பேருக்குப் புற்றுநோய். இதற்குமேல் என்ன கணக்கு?" என்று கேட்பவர் உண்டு. அவர் வேதனை உண்மை. ஆனால் ஆறு என்ற எண் தனியே நின்றால் ஊமை. எத்தனை பேரில் ஆறு என்று சொன்னால்தான் அதற்கு வாய் வரும்.

அதோடும் போதாது, வயது வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஊர்கள், ஒவ்வொன்றிலும் 20,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊரிலும் அறுபது வயது கடந்தவர்களில் ஆயிரத்துக்கு 5 பேருக்கும், மற்றவர்களில் பத்தாயிரத்துக்கு 5 பேருக்கும் நோய் வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது நோயின் வேகம் இரண்டு ஊரிலும் ஒன்றே. முதல் ஊரிலே முதியவர்கள் 4,000. இரண்டாம் ஊரிலே 2,000. முதல் ஊரில் முதியவர்களில் 20, மற்றவர்களில் 8, ஆக 28 நோயாளிகள். இரண்டாம் ஊரில் 10-ம் 9-ம் சேர்ந்து 19. நோயின் வேகத்திலே கடுகளவும் வேற்றுமை இல்லை. ஆனாலும் 28-க்கும் 19-க்கும் எவ்வளவு தூரம்! மேலோட்டமாகப் பார்ப்பவன், "முதல் ஊரிலே ஏதோ நஞ்சு இருக்கிறது" என்று கூவிவிடுவான்.

இந்தக் கணக்கு குமரி மாவட்டத்துக்கு மிகவும் பொருந்தும். 2011 கணக்குப்படி 18,70,374 மக்கள். எழுத்தறிவிலே தமிழ்நாட்டில் முதலிடம். பிறப்பு விகிதம் முன்னதாகவே குறைந்த மாவட்டம் இது. ஆகவே முதியோரின் பங்கு இங்கே கூடுதல். மற்ற மாவட்டங்களோடு புற்றுநோயை ஒப்பிடுகிறவன் வயதைச் சரிப்படுத்தாமல் ஒப்பிட்டால் வழுக்கி விழுவான்.

மூன்றாவது ஏமாற்று, சிறிய எண். 3,000 பேர் உள்ள ஓர் ஊரில் சராசரி ஆண்டுக்கு 3 பேர் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டு 6 பேர் இருப்பார்கள். மற்றோர் ஆண்டு ஒருவர்தான் இருப்பார். தாயக்கட்டை உருட்டியவனுக்கு இது புரியும். தொடர்ந்து மூன்று முறை தாயம் விழுந்துவிட்டால் கட்டையிலே கள்ளம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? நூற்றுக்கணக்கான ஊர்கள் உள்ள மாவட்டத்திலே ஏதாவது ஒரு ஊரில் எண்ணிக்கை கூடுதலாக விழுந்தே தீரும். அந்த ஊரை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டுவது, அம்பை எய்துவிட்டு, அது தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "குறி தப்பவில்லை பார்!" என்று மார் தட்டுவதற்கு ஒப்பாகும்.

நான்காவது ஏமாற்று, முன்னதற்கு நேர் எதிர். ஒரு மாவட்டத்தையே மொத்தமாகக் கூட்டி, சராசரி போட்டு, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்பது. தோவாளை வயல்வெளியும், பேச்சிப்பாறை ரப்பர்த் தோட்டமும், கடியப்பட்டணம் கடற்கரையும் ஒரே மாவட்டம்தான். ஆனால் மோனசைட் மணல் எல்லா இடத்திலும் இல்லை. அது கரையோரத்து ஒடுங்கிய கீற்று. அந்தக் கீற்றிலே உண்மையாகவே நோய் கூடியிருந்தாலும், பதினெட்டு லட்சம் பேரின் சராசரியிலே அது கரைந்து காணாமற்போகும். ஊரைப் பொறுக்கிக் காட்டுவது அச்சத்தின் தந்திரம் என்றால், மாவட்டச் சராசரியைக் காட்டுவது அலட்சியத்தின் தந்திரம்.

கருநாகப்பள்ளி கண்டது

இத்தனை வழுக்கலையும் தாண்டி ஒழுங்காக எண்ண முடியுமா? முடியும். எண்ணிக் காட்டியிருக்கிறார்கள்.

நம் மணலைப் போன்ற மணலே கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கரையிலும் கிடக்கிறது. அங்கே கரையோரப் பஞ்சாயத்துகளில் வெளிப்புறக் கதிர் அளவின் நடுமட்டம் ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேல். சில இடங்களிலே 70 மில்லிகிரே வரையிலும் போகிறது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தார் 1990-களிலே அங்கே வீடு வீடாக ஏறி 3,85,103 பேரைப் பதிவு செய்தார்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிரை அளந்தார்கள். யார் எவ்வளவு நேரம் வீட்டுக்குள் இருக்கிறார் என்பதையும் வயதுவாரியாகக் கணக்கிட்டார்கள். பீடி குடிப்பவரா என்று கேட்டுக் குறித்தார்கள். முப்பது முதல் எண்பத்து நான்கு வயது வரையுள்ள 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2005 முடிய 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அவர்களில் 30 பேருக்கு ரத்தப் புற்று.

2009-ல் முடிவு வெளிவந்தது. மண்ணின் கதிரை அதிகம் ஏற்றவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்பதற்கு அந்தக் கணக்கிலே சான்று இல்லை. சீனத்திலே யாங்ஜியாங் என்ற இடத்திலும் இதே போன்ற மண்; அங்கே புற்றுநோய்ச் சாவுகளை எண்ணியவர்களும் மிகுதியைக் காணவில்லை.

இந்த முடிவை மூடி மறைக்க நமக்கு உரிமை இல்லை. "மணலை மிதித்தாலே புற்றுநோய்" என்று ஓலமிடுவோர் இதைப் படிக்கவேண்டும். ஆனால் இதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்போரும் முழுவதையும் படிக்கவேண்டும். கதிரின் அளவு சிறிது ஆகையால், மிகச் சிறிய கேட்டைக் கண்டுபிடிக்கும் வலிமை தங்கள் கணக்குக்குப் போதாமல் இருக்கலாம் என்று அதை எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெருங்கேடு இல்லை என்று அந்தக் கணக்கு சொல்கிறது. சிறு கேடும் இல்லவே இல்லை என்று அது சொல்லவில்லை. மேலும், மண்ணிலே கிடக்கும் மணலோடு வாழ்ந்தவர்களைத்தான் அது எண்ணிற்று. கிள்ளியூரில் தோண்டினால் என்ன ஆகும் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

அதே கருநாகப்பள்ளிக் கணக்கு வேறு ஒன்றைச் சொல்லிற்று. பீடி குடிக்கும் ஆண்களுக்கு நுரையீரல் புற்று, குடிக்காதவர்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு! மணலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தொடங்கிய விசாரணையிலே, சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டு பிடிபட்டது. நெய்யூர் டாக்டர் சொன்னதும் இதே இனத்தைச் சேர்ந்த பாடந்தானே!

கணக்கு எப்படி மாறிப் பேசும் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1976-ல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 'நேச்சர்' ஏட்டிலே ஒரு செய்தி வெளியிட்டார்கள். கேரள மணற்கரையில் 12,918 பேரைப் பார்த்ததில், டவுன் நோய்க்குறி என்னும் பிறவிக் குறையோடு 12 பேர் இருந்தார்கள். ஒப்புநோக்குவதற்கு எடுத்த வேற்றிடத்து 5,938 பேரில் ஒருவருமில்லை. செய்தி உலகைச் சுற்றிற்று. ஆனால் தாயின் வயது ஏற ஏற அந்தக் குறையோடு பிள்ளை பிறக்கும் வாய்ப்பும் ஏறும். தாய்மார்களின் வயது இரண்டு இடத்திலும் ஒன்றுதானா? ஒப்புநோக்க எடுத்த இடத்தில் ஒருவர்கூட இல்லை என்பதே வழக்கத்துக்குக் குறைவு அல்லவா? இப்படிக் கேள்விகள் எழுந்தன. பின்னர் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் 1995 முதல் 2012 வரை அந்த வட்டாரத்து மருத்துவமனைகளில் பிறந்த 1,41,540 குழந்தைகளைப் பார்த்தார்கள். கதிருக்கும், செத்துப் பிறத்தலுக்கும், பெரும் பிறவிக் குறைகளுக்கும் தொடர்பு காணவில்லை என்றார்கள்.

பன்னிரண்டு பேரை வைத்துச் சொன்னதற்கும் ஒன்றரை லட்சத்தை எட்டும் குழந்தைகளை வைத்துச் சொன்னதற்கும் உள்ள வேற்றுமையைப் படிப்பவர் எடை போடலாம். அணுசக்தித் துறையாரே எண்ணினார்கள் என்பதற்காக அந்தக் கணக்கைக் குப்பையிலே போடவேண்டியதில்லை. ஆனால் மணலை விரும்பும் துறையும் மணலைப் பரிசோதிக்கும் துறையும் ஒன்றாக இருந்தால், மக்கள் மனத்திலே ஐயம் முளைப்பது இயற்கை. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது பிறர் சரிபார்க்கும்படியும் இருக்கவேண்டும்.

எல்லைக்கு இப்பால்

மணவாளக்குறிச்சியும் கருநாகப்பள்ளியும் ஒரு காலத்தில் ஒரே ராஜ்யத்தின் கரைகள். 1956 நவம்பர் முதல் நாள் எல்லை பிரிந்தது. நாஞ்சில் நாடு தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. போராடிப் பெற்ற இணைப்பு அது, பெருமைக்குரியது. அந்தப் பெருமைக்கு ஒரு பொறுப்பும் உண்டு. எல்லைக்கு அப்பால் உள்ள கரையிலே வீடு வீடாக ஏறி, பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து எண்ணியிருக்கிறார்கள். எல்லைக்கு இப்பால் உள்ள கரையும் அதே அக்கறைக்கு உரியது அல்லவா?

"அங்கே எண்ணியாயிற்றே, இங்கே எதற்கு?" என்பார் சிலர். மணல் ஒன்றாக இருக்கலாம். மக்கள் வாழ்க்கை ஒன்றல்ல. கதிரின் அளவு ஒன்றல்ல. வீட்டின் தரையும் சுவரும் ஒன்றல்ல. தொழிலும் உணவும் வெற்றிலைப் பழக்கமும் ஒன்றல்ல. அண்டை வீட்டுக்காரன் காய்ச்சலுக்கு ரத்தம் சோதித்துவிட்டு, "உனக்கும் சேர்த்துப் பார்த்தாயிற்று, போ" என்று சொல்லும் டாக்டர் உண்டா?

இங்கே மற்றொரு சிக்கல். நம் மாவட்டத்து நோயாளி எங்கே போகிறான்? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறான், நெய்யூருக்குப் போகிறான், திருவனந்தபுரத்துக்கும் போகிறான். நாகர்கோவிலிலிருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டர். திருவனந்தபுரமோ பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரம். ஆகவே குமரிக்கரை நோயாளியின் பெயர் கேரளத்து ஏட்டிலே ஏறுகிறது. அந்த ஏடும் நம் ஏடும் கை கோக்காவிட்டால், நம் கரையிலே நோய் குறைவு என்று பொய்க்கணக்குத் தோன்றும். ஒரே ஆளின் பெயர் இரண்டு ஏட்டிலும் ஏறிவிட்டால், நோய் அதிகம் என்ற பொய்க்கணக்குத் தோன்றும்.

வேண்டுவது என்ன?

புதிதாகப் பெரிய மாளிகை எதுவும் கட்ட வேண்டியதில்லை. அடித்தளம் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னைக்கான பதிவை 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்தி வருகிறது. 2012 முதல் தமிழ்நாடு முழுவதற்குமான பதிவுத் திட்டமும் உண்டு. அதன்மேல் குமரிக் கரைக்கென்று சில காரியங்கள் செய்யவேண்டும்.

முதலாவது, நீரோடி முதல் கன்னியாகுமரி வரை கரையோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஆண், பெண், வயது வாரியாகக் குடித்தொகை எடுக்கவேண்டும். நோயாளி எந்த மாநிலத்து மருத்துவமனையில் படுத்திருந்தாலும், அவர் வாழ்ந்த ஊரின் கணக்கிலே ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஏறவேண்டும்.

இரண்டாவது, வீடு வீடாகக் கதிரை அளக்கவேண்டும். ஆலையைச் சுற்றிக் காற்றிலே பறக்கும் தூசியையும் அளக்கவேண்டும். தோண்டுவதற்கு முன் எவ்வளவு என்று குறிக்காமல் தோண்டிவிட்டால், பிறகு கூடிற்றா குறைந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே கிள்ளியூரில் மண்வெட்டி விழுமுன் இந்த அளவை நடக்கவேண்டும்.

மூன்றாவது, வெற்றிலை, புகையிலை, பீடி, மது, தொழில் எல்லாவற்றையும் கேட்டுக் குறிக்கவேண்டும். மணலின் குற்றத்தைப் பீடியின் மேலும், பீடியின் குற்றத்தை மணலின் மேலும் சுமத்தாதிருக்க இது ஒன்றே வழி.

நான்காவது, ஒப்புநோக்க உள்நாட்டு ஊர்களையும், மணலில் மோனசைட் குறைந்த கரையோர ஊர்களையும் முன்கூட்டியே தேர்ந்து அறிவிக்கவேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு ஊரைத் தேர்வது மோசடி.

ஐந்தாவது, எண்ணுகிறவர்கள் ஆலையின் சம்பளப் பட்டியலிலே இருக்கக் கூடாது. எண்ணியது தமிழிலே, பஞ்சாயத்து வாரியாக, ஆண்டுதோறும் வெளிவரவேண்டும். நோயாளியின் பெயர் வெளிவர வேண்டியதில்லை. எண் வெளிவந்தால் போதும். கிராம சபையிலே அதைப் படிக்கவேண்டும்.

முடிவு எப்படி வந்தாலும் மக்களுக்கு லாபமே. கேடு உண்டு என்று தெரிந்தால், தடுக்கவும் நிவாரணம் கேட்கவும் கையிலே ஆயுதம் கிடைக்கும். மணலால் கேடு இல்லை என்று தெரிந்தால், கடற்கரைத் தாய் நெஞ்சிலே சுமக்கும் அச்சப் பாரம் இறங்கும். வாய்ப்புற்றையும் நுரையீரல் புற்றையும் தரும் உண்மை எதிரியின்மேல் கவனம் திரும்பும். எண்ணாமலே இருந்தால் இரண்டும் இல்லை. நோயாளி தாமதமாக வருவான். வதந்தி முந்தி வரும்.

தமிழிலே 'எண்ணுதல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கணக்கிடுவதும் எண்ணுதல், சிந்திப்பதும் எண்ணுதல். நாடாள்வோரிடம் குமரிக் கரை கேட்பது இந்த இரண்டையுந்தான். எங்களை எண்ணுங்கள், எங்களைப் பற்றி எண்ணுங்கள். அதன் பிறகு மணலைப் பற்றிப் பேச வாருங்கள். சொல்வதை எண்ணிச் சொல்லுங்கள்!